வேலை நெருக்கும் மாதத்தில் படித்த புத்தகங்களைத் திரும்பிப் பார்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

வேலை மிகுந்த மாதத்திலும் நான்கைந்து புத்தகங்களை எப்படியோ படித்து முடித்துவிடுகிறோம். மாதக் கடைசியில் அவற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத அமர்ந்தால் "நன்றாக இருந்தது" என்பதைத் தாண்டிக் கை நகர மறுக்கிறது. சில ஆண்டுகளாக மாதந்தோறும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்கியவர்கள் சிலருக்கு அருகில் அமர்ந்து அவர்கள் எழுதுவதைக் கவனித்தும் இருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் ஒன்றே. முதலில் புத்தகத்தைத் திறந்து, அடிக்கோடிட்ட வரிகளைத் தொகுத்துவிட்டு, அதன் பிறகே தமக்கு என்ன தோன்றியது என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்தால் புத்தகத்தின் சுருக்கம் கிடைக்கும். அதைப் படித்தவருக்குள் என்ன நிகழ்ந்தது என்பது கிடைக்காது.

நினைவு முதலில், புத்தகம் பிறகு, தீர்ப்பு கடைசியில். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வரிசையைக் காப்பதற்காகவே அமைந்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், அந்த மாதத்தின் நாட்காட்டி, படித்த புத்தகங்கள் ஆகியவை போதும். குறிப்பேடு ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். கைபேசியில் கொஞ்சம், புத்தக ஓரத்தில் கொஞ்சம், துண்டுத்தாளில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும் குறிப்புகளைத் தேடி எடுப்பதிலேயே ஒதுக்கிய நேரம் கரைந்துவிடும். கைபேசியில்தான் எழுத வருகிறது என்பவர்கள் அதிலேயே எழுதலாம். ஆனால் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

இரவல் வாங்கிய புத்தகமும் நூலகப் புத்தகமும் மாதக் கடைசியில் கையில் இருக்காது. திருப்பிக் கொடுப்பதற்கு முன் முக்கியமான இடங்களின் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் விழும் பக்கமும் மாறிவிடக்கூடும் என்பதால், அத்தியாயத்தின் பெயரையும் அந்த இடத்தில் வரும் நான்கைந்து சொற்களையும் குறிப்பது பாதுகாப்பானது. ஒலிப்புத்தகமாகக் கேட்டதற்கு மணியையும் நிமிடத்தையும் குறிக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளை, இடையில் ஓர் இரவாவது இருக்கும்படி ஒதுக்குங்கள். வேலை நெருக்கும் மாதத்தில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். முதல் அமர்வில் நினைவிலிருந்து மட்டுமே எழுதப் போகிறோம், இரண்டாவதில்தான் புத்தகத்தைத் திறக்கப் போகிறோம் என்பது அதைவிட முக்கியமான காரணம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முயன்றவர்களின் கை, நினைவு சற்றே தயங்கியவுடன் தானாகப் புத்தகத்தின் பக்கம் போனதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

2. முடித்த அன்றே மூன்று வரி

மாதத்தின் நடுவே செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். ஒரு புத்தகத்தை முடித்த அன்றே, தூங்கப் போவதற்கு முன், மூன்று வரிகள் எழுதிவிட வேண்டும்: முடித்த தேதி, மனத்தில் நிற்கும் ஓர் இடம், விடை கிடைக்காத ஒரு கேள்வி.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களிலேயே செங்குத்தாக விழுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரு நாள் கழிந்தபோது ஏற்பட்ட இழப்புக்கும் 31 நாட்கள் கழிந்தபோது ஏற்பட்ட இழப்புக்கும் இருந்த வேறுபாடு, முதல் நாளுக்குள் ஏற்பட்ட இழப்பை நோக்கச் சிறியதே. கதையும் கருத்தும் அசைகளைப் போல அவ்வளவு விரைவில் நழுவுவதில்லை. ஆனாலும் முதல் நாளில் எழுதும் மூன்று வரி மாதக் கடைசியில் எழுதும் மூன்று பக்கங்களால் ஈடுசெய்ய முடியாத ஒன்றைப் பிடித்து வைக்கிறது என்பதை என் குறிப்பேட்டில் பல முறை கண்டிருக்கிறேன்.

இறந்துபோன தந்தையின் வீட்டைக் காலி செய்ய வரும் ஒரு மகனைப் பற்றிய நாவலை முடித்த இரவில் நான் எழுதிய மூன்று வரிகள் இவை:

14ஆம் தேதி, இரவு.
அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மகன் துடைத்து, மறுபடியும் அதே மேசையில் வைக்கும் இடம்.
தங்கை ஏன் கடைசிவரை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை?

இவ்வளவுதான். இந்த வரிகளுக்கு அழகோ முழுமையோ தேவையில்லை. புதியவர்கள் இங்கே செய்யும் பிழை, இரண்டாம் வரியில் ஓர் இடத்துக்குப் பதிலாக ஒரு மதிப்பீட்டை எழுதுவது. "உருக்கமான நாவல்" என்று எழுதினால், இரண்டு வாரம் கழித்து அந்தச் சொல்லிலிருந்து புத்தகத்துக்குத் திரும்பிச் செல்ல வழி இருக்காது. மூக்குக்கண்ணாடி, மேசை, வாசற்படி போன்ற பொருள்கள் வழியைத் திறந்து வைத்திருக்கும்.

கட்டுரை நூலாக இருந்தால், "நிற்கும் இடம்" என்பதற்குப் பதில் அந்நூல் நிறுவ முயலும் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் அடங்க மறுத்தால், அந்தத் தடுமாற்றமே மூன்றாம் வரியாகிவிடும்.

3. நாட்காட்டியோடு சேர்த்துப் பட்டியல்

முதல் அமர்வின் தொடக்கத்தில், குறிப்பேட்டைத் திருப்பிப் பார்க்காமல், அந்த மாதம் படித்த புத்தகங்களை நினைவு வரும் வரிசையில் எழுதுங்கள். பிறகு குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேருங்கள். எது முதலில் நினைவுக்கு வந்தது, எது வரவே இல்லை என்பது பின்னால் பயன்படும். பாதியில் விட்ட புத்தகங்களும் மறுவாசிப்பு செய்தவையும் கட்டாயம் பட்டியலில் இடம்பெற வேண்டும். முடித்தவற்றை மட்டும் எண்ணினால், மாதத்தின் வாசிப்பில் ஒரு பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே, அதை எந்த நாட்களில், எத்தகைய துண்டுகளாகப் படித்தீர்கள் என்பதை நாட்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள். இந்தப் படியைத் தேவையற்றது என்று தாண்டிச் செல்கிறவர்கள் உண்டு. ஆனால் வேலை நெருக்கும் மாதத்துக்கே உரிய ஒரு பெரும் பிழையைத் தடுப்பது இதுதான். பத்துப் பத்து நிமிடங்களாகப் பத்தொன்பது நாட்களில் படித்த நாவல் "இழுவையாக" இருந்ததாகத் தோன்றும். ஒரு விடுமுறை நாளில் ஒரே அமர்வில் முடித்த சாதாரண நூல் "கட்டுக்கோப்பாக" இருந்ததாகத் தோன்றும். நம் வாரத்தின் குறையைப் புத்தகத்தின் மேல் ஏற்றிச் சொல்வது ஆசிரியருக்குச் செய்யும் அநீதி. என் குறிப்பேட்டில் "இழுவை" என்ற சொல் வரும் இடங்களை ஒருமுறை நாட்காட்டியோடு ஒப்பிட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை இரவு பதினொன்றரைக்குப் பிறகு படித்த புத்தகங்கள் என்று தெரிந்தது. அன்று முதல், துண்டு துண்டாகப் படித்த நூலின் வேகத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

4. புத்தகத்தை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதுதல்

இதுவே முழு வேலையின் நடுநாயகம். புத்தகங்களை எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள். ஒரு புத்தகத்துக்கு எட்டு நிமிடம் என்று கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். கதைச் சுருக்கமாக, தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. எந்த இடம் முதலில் வருகிறதோ அங்கிருந்து தொடங்கி, அது அழைத்துச் செல்லும் இடத்துக்குப் போகலாம்.

இப்படி மூடிய புத்தகத்திலிருந்து எழுதுவது நினைவைச் சோதிப்பதோடு நிற்பதில்லை. அதை உறுதியாக்கவும் செய்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியைத் திரும்பப் படித்தார்கள். மற்றொரு பிரிவினர் படித்ததை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டியிருந்தார்கள். அடிக்கோடிட்ட வரிகளைப் புரட்டிப் பார்க்கும்போது "எல்லாம் நினைவில் இருக்கிறது" என்று தோன்றுவதை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே விடை. கண்முன் இருப்பதை அடையாளம் காண்பது வேறு. கண்முன் இல்லாததை வரவழைப்பது வேறு.

இங்கே நேரும் பிழைகள் மூன்று. பாத்திரத்தின் பெயர் நினைவில் இல்லை என்று புத்தகத்தைத் திறப்பது முதலாவது. பெயருக்குப் பதில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதுங்கள், இரண்டாம் அமர்வில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாம் நிமிடத்திலேயே "வேறு ஒன்றும் வரவில்லை" என்று நிறுத்திவிடுவது இரண்டாவது. ஏறக்குறைய எல்லோருக்கும் மூன்றாம் நான்காம் நிமிடங்களில் ஒரு வறட்சி வருகிறது. பேனாவைக் கீழே வைக்காமல் அதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாம் நிமிடத்துக்குப் பிறகுதான் நல்ல இடங்கள் வந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்தில், என்ன வேளையில் அந்த அத்தியாயத்தைப் படித்தோம் என்று நினைத்துப் பார்ப்பது அந்த வறட்சியை உடைக்க உதவும்.

மூன்றாவது பிழை நுட்பமானது: பிறர் எழுதிய மதிப்புரையை முன்பே படித்துவிட்டு, அதிலுள்ள கருத்தைத் தம் நினைவாக எழுதுவது. இந்த அமர்வு முடியும்வரை மதிப்புரைகளைத் தொட வேண்டாம். ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால், அங்கிருந்து வந்ததாகச் சந்தேகப்படும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து புத்தகங்களுக்கு மேல் இருந்தால், பட்டியலில் முதலில் நினைவுக்கு வந்த மூன்றையும், வரவே வராத ஒன்றையும் எடுத்துக்கொண்டால் போதும். மறந்துபோன அந்த ஒன்றை விட்டுவிட மனம் சொல்லும், விடாதீர்கள். அதில் எட்டு நிமிடமும் வெறுமையாகக் கழிந்தாலும், அந்த வெறுமையைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும்.

5. இரண்டாம் அமர்வு: புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுதல்

இப்போது புத்தகத்தையும், அடிக்கோடுகளையும், முடித்த அன்று எழுதிய மூன்று வரிகளையும் எடுத்து, நினைவிலிருந்து எழுதியதோடு ஒப்பிடுங்கள். அடிக்கோடிட்டு மறந்தவை சில இருக்கும். அவற்றை மீட்டு எழுத அவசரப்பட வேண்டாம். படித்த வேளையில் அழகாகத் தோன்றி, பிறகு ஒட்டாமல் போன வரிகள் அவற்றில் அதிகம். அடிக்கோடு இடாமலே நினைவில் தங்கியவைதான் மிகுந்த மதிப்புடையவை. நாம் முடிவெடுத்துத் தேர்ந்தவை அல்ல என்பதால், புத்தகம் உண்மையில் எங்கே நம்மைத் தொட்டது என்பதை அவை காட்டுகின்றன.

நினைவு மாற்றிவிட்ட இடங்களை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள் அதைத் திரும்ப எழுதியபோது, பழக்கமில்லாத விவரங்களைத் தங்களுக்குப் பழக்கமானவையாக மாற்றிவிட்டார்கள். சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்களானார்கள். நாமும் இதையே செய்கிறோம்.

மூக்குக்கண்ணாடி வரும் அந்த நாவலுக்கே திரும்புகிறேன். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதியபோது, மகன் கண்ணாடியைத் துடைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக எழுதியிருந்தேன். மூன்று வரிக் குறிப்பு மேசை என்றது. புத்தகத்தைத் திறந்தால் அங்கும் மேசைதான். இரண்டு வாரங்களில் என் நினைவு கண்ணாடியை மேசையிலிருந்து பைக்கு மாற்றியிருந்தது. பிழையைத் திருத்திவிட்டு நகர்ந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏன் மாற்றினேன் என்று கேட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது: அந்த மகன் எதையாவது கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன், நாவலோ அவனை வெறுங்கையோடு அனுப்புகிறது. அந்த நாவலின் துயரம் முழுவதும் அந்த வெறுங்கையில் இருக்கிறது என்பதை முதல் வாசிப்பில் நான் பார்க்கவே இல்லை.

ஆகவே, தவறாக நினைவில் நின்ற ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்: புத்தகத்தில் இருப்பது இது, நான் நினைத்தது இது. காரணம் உடனே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கட்டுரை நூல்களிலும் இதே போல, ஆசிரியர் "பெரும்பாலும்" என்று எழுதியதை நாம் "எப்போதும்" என்று நினைவில் வைத்திருப்போம். அத்தகைய சொற்களைத் தேடிச் சரிபார்க்க வேண்டும்.

6. எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு இடம்

எல்லாப் புத்தகங்களுக்கும் சமமாக ஒரு பத்தி ஒதுக்குவது பலருக்கு நியாயமாகப் படுகிறது. அது எழுதுபவரையும் படிப்பவரையும் சோர்வடையச் செய்யும் முறை. ஒப்பீட்டில் அதிகம் வெளிப்பட்ட ஒரு புத்தகத்துக்கு ஒரு முழுப் பக்கமும், வேறு ஒன்றுக்கு அரைப் பக்கமும், மற்றவற்றுக்கு இரண்டிரண்டு வரிகளும் போதும்.

நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை எழுதி முடித்த பிறகே கொடுக்கட்டும். முதலிலேயே மூன்றரை என்று போட்டுவிட்டால், பிறகு எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் அந்த மூன்றரையை நியாயப்படுத்தவே வளையும்.

பாதியில் விட்ட புத்தகத்துக்கு இரண்டு செய்திகள் தேவை: எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. "பிடிக்கவில்லை" என்பதைவிட "முதல் 80 பக்கங்களில் பதினொரு பாத்திரங்கள் வந்துவிட்டார்கள், வாரம் இரண்டு முறை மட்டுமே எடுக்க முடிந்ததால் யார் யார் என்று தொடர முடியவில்லை" என்பது பயனுள்ள குறிப்பு. அதே நூலை ஓய்வான ஒரு மாதத்தில் மீண்டும் எடுக்கலாமா என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

7. புத்தகங்களை அருகருகே வைத்துப் பார்த்தல்

ஒரே மாதத்தில் படித்த நூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுண்டு. ஒரு பயண நூலில் வந்த வீடு திரும்பும் காட்சி, வேறொரு சிறுகதையில் வந்த வீட்டைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லலாம். இரண்டு புத்தகங்களை மட்டும் எடுத்து, "இதில் உள்ள எது அதில் இல்லை?" என்று கேட்பது நல்ல தொடக்கம். ஒற்றுமையைத் தேடுவதைவிட வேறுபாட்டைத் தேடுவது துல்லியமான விடைகளைத் தருகிறது.

எல்லாப் புத்தகங்களையும் கட்டும் ஒரே இழையைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று முயல வேண்டாம். "இந்த மாதம் இழப்பைப் பற்றிய மாதம்" என்பது போன்ற வாக்கியம், ஏறக்குறைய எந்த ஐந்து புத்தகங்களுக்கும் பொருந்திவிடும். அதனாலேயே எதையும் சொல்லாது. தொடர்பு இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம்.

8. எழுதும் வரிசை

பெரும் பகுதி ஒதுக்கிய புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அதிலும் ஆசிரியர் அறிமுகத்திலிருந்தோ கதைச் சுருக்கத்திலிருந்தோ தொடங்காமல், ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். அந்த இடத்தை விளக்கத் தேவையான அளவு மட்டும் கதையைச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கருத்து. அதற்குப் பிறகு அந்தக் கருத்துக்குப் புத்தகத்திலிருந்து ஒரு சான்று. கருத்து ஒன்று, சான்று ஒன்று என்று இணையாக வைத்தால், சான்று கிடைக்காத கருத்துகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

மேற்கோள் எடுத்தால் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து, பக்க எண்ணையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். நாம் ரசித்த வாக்கியம் நம் மொழியில் அவர் அமைத்தது.

எழுதி முடித்ததும் அருமை, விறுவிறுப்பு, மனத்தை உலுக்கியது, கட்டாயம் படிக்க வேண்டிய நூல் ஆகிய சொற்களைத் தேடிப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிலாக, அந்த உணர்வு எழுந்த இடத்தை எழுத முடியுமா என்று பாருங்கள். முடியாத இடத்தில் அந்த வாக்கியத்தையே நீக்கிவிடலாம்.

9. அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டியது

கடைசிப் பக்கத்தின் அடியில், விடை கிடைக்காத கேள்விகளில் ஒன்றை மட்டும் எழுதி, அடுத்த மாதக் குறிப்பின் முதல் பக்கத்திலும் அதையே எழுதி வையுங்கள். தங்கை ஏன் உள்ளே வரவில்லை என்ற என் கேள்வி இரண்டு மாதங்கள் அப்படியே கிடந்தது. அண்ணன் தம்பிகளைப் பற்றிய வேறொரு நூலைப் படிக்கும்போதுதான், அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு பொருள்கூட நாவலில் குறிப்பிடப்படவில்லை என்பது தோன்றி, புத்தகத்தை மறுபடி எடுத்துச் சரிபார்த்தேன். உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை.

மூன்று வரிக் குறிப்புகளே எழுதாமல் ஒரு மாதம் கழிந்துவிட்டால், அவற்றைப் பின்தேதியிட்டு எழுதி நிரப்பாதீர்கள்; நினைவு மாற்றிய இடங்களைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே சான்று அந்தத் தேதிதான். மூன்றாம் படியிலிருந்து தொடங்கி, பக்கத்தின் மேல் "அன்றே எழுதிய குறிப்பு இல்லை" என்று குறித்துவிட்டு, மற்றப் படிகளை அதே வரிசையில் செய்யலாம்.